மரபணுப் பதிவேடும் மடியில் கனமும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அண்மைக் காலமாக நம் சமுதாய வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பயான் துண்டு சுற்றிவருகிறது. மனிதனின் விரல் நுனிகளையும் சீராக்க வல்லவன் அல்லாஹ் என்னும் பொருள் கொண்ட வசனத்தை (75:4) முன்வைத்து, கைரேகையும் டி.என்.ஏ.வும் குர்ஆனின் அற்புதங்கள் என்று அதில் பேசும் சகோதரர் விளக்குகிறார். அதுவரை நமக்கும் அவருக்கும் வழக்கு இல்லை. ஆனால் அங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, அரசு எல்லாருடைய டி.என்.ஏ.வையும் எடுத்துக் கணினியில் வைத்துக்கொள்ளட்டும், கொலை நடந்த இடத்தில் கிடைக்கும் ஒரு துளி இரத்தத்தை அதனோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் குற்றவாளி அகப்படுவான், மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம், முஸ்லிம்கள் இதை முதலாவதாக வரவேற்க வேண்டும் என்று முடிக்கிறார். மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இதை நம்மிடம் காட்டி, "ஹஜ்ரத், இவர் சொல்வது சரிதானே?" என்று கேட்டார். சரியன்று. ஏன் சரியன்று என்பதைப் பாட நேரத்துக்குள் சொல்லிமுடிக்க இயலவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

நாம் அறிவியலுக்கு எதிரிகள் அல்லர். மக்காவில் இயங்கும் ராபிதத்துல் ஆலமில் இஸ்லாமியின் ஃபிக்ஹ் பேரவை, 2002 ஜனவரியில் கூடிய தனது 16ஆவது அமர்வில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. குற்றப் புலனாய்வில் மரபணுச் சான்றைப் பயன்படுத்தலாம். ஆயினும் ஹத்து, கிஸாஸ் ஆகிய தண்டனைகளுக்கு அதை ஆதாரமாகக் கொள்ளலாகாது. மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போனாலோ, போரில் இறந்தவர்களின் உடல்களை அடையாளம் காண முடியாமற்போனாலோ அதைக் கொண்டு தெளிவு பெறலாம். ஆனால் மார்க்க முறைப்படி நிலைபெற்றுவிட்ட ஒரு வம்சாவளியைச் 'சரிபார்க்க' அதைப் பயன்படுத்துவது கூடாது. இவை அத்தீர்மானத்தின் சாரம். அனுமதியும் எல்லையும் ஒரே தாளில் எழுதப்பட்டுள்ளன. நம் பயான் சகோதரர் அனுமதியை மட்டும் படித்திருக்கிறார் போலும்.

மரபணு ஒப்பீட்டுக்கு நம் ஃபிக்ஹில் ஒரு மூதாதை உண்டு. அதன் பெயர் கியாஃபா. உடலமைப்பைப் பார்த்து உறவைக் கண்டறியும் கலை அது. ஸைத் (ரலி) அவர்கள் வெண்ணிறத்தவர், அவர்களின் மகன் உஸாமா (ரலி) கருநிறத்தவர் என்பதால் சிலர் அந்தப் பிள்ளையின் பிறப்பைப் பற்றிப் புறம் பேசிவந்தனர். ஒருநாள் இருவரும் தலையை மூடிப் படுத்திருந்தபோது, வெளியே தெரிந்த கால்களை மட்டும் கண்ட முஜஸ்ஸிஸ் என்னும் நிபுணர், இவை ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை என்று கூறிவிட்டார். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் முகம் மலர்ந்தவர்களாக ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்து அதைத் தெரிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இந்நிகழ்ச்சி இடம்பெற்றுள்ளது. இதனை ஆதாரமாகக் கொண்டே நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பின்பற்றப்படும் ஷாஃபி மத்ஹப் கியாஃபாவை ஏற்கிறது. ஹனஃபி மத்ஹப் ஏற்பதில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் இங்கு நாம் புகவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. முஜஸ்ஸிஸ் பார்த்தது இரண்டு ஜோடிக் கால்களை. அந்த இருவரைப் பற்றிய பேச்சு முன்னரே ஊரில் இருந்தது. மதீனாவின் ஆண்கள் அனைவரையும் வரிசையில் நிறுத்திக் கால்தடம் எடுத்து, எந்தப் பிள்ளை எந்த வீட்டுக்கு உரியது என்று யாரும் தேடவில்லை. ஐயம் எழுந்தபின் ஒப்பிடுவது ஒன்று. எல்லாரையும் ஐயத்துக்கு உரியவர்களாக முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு தேடுவது மற்றொன்று. பயான் சகோதரர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே தவறு முழுவதற்கும் வேர்.

அத்தேடல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும் சிறிது விளங்கிக்கொள்வோம். மனித மரபணுவில் சில இடங்களில் சிறு தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு ஓரிடத்தில் அது 12 முறை வரலாம், இன்னொருவருக்கு 15 முறை வரலாம். ஒவ்வோர் இடத்திலும் தந்தை வழியில் ஓர் எண், தாய் வழியில் ஓர் எண். இவ்வாறு பல இடங்களின் எண்களை வரிசையாகக் குறித்தால் கிடைப்பதே ஒருவரின் மரபணு வரைவு. அமெரிக்க அரசின் பதிவேடு முன்பு 13 இடங்களைப் பார்த்தது. 2017 தொடக்கத்திலிருந்து 20 இடங்களைப் பார்க்கிறது. குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த எண்வரிசையைப் பதிவேட்டில் உள்ள பல இலட்சம் எண்வரிசைகளோடு கணினி ஒப்பிடுகிறது. அது "இவன் கொலை செய்தான்" என்று சொல்வதில்லை. "இவ்வெண்களும் அவ்வெண்களும் ஒத்துள்ளன" என்பதோடு அதன் வாக்குமூலம் முடிகிறது.

ஒத்திருப்பது தற்செயலாகவும் நேரும். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் மாதிரி பெரும்பாலும் சிதைந்தும் கலந்தும் இருக்கும். சில இடங்களின் எண்களே தெரியும். அந்த அரைகுறை வரைவு தொடர்பற்ற ஒருவருடன் ஒத்துப்போகும் வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வேறு சான்றுகளால் ஏற்கெனவே ஐயத்துக்கு உள்ளான ஒருவருடன் ஒப்பிட்டு அது ஒத்துவந்தால், அது வலுவான சான்று. அதே வரைவை ஒரு கோடிப் பேரின் பதிவேட்டில் தேடினால், குற்றத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத ஏறத்தாழ பத்துப் பேர் கணக்குப்படியே அகப்படுவர். பதிவேடு பெருகப் பெருக அந்தப் பத்து, நூறாகும். "பத்து இலட்சத்தில் ஒன்று" என்னும் சொல்லை மட்டும் நீதிமன்றத்தில் உரக்கச் சொன்னால் கேட்பவர் நெஞ்சம் நடுங்கும். எத்தனை இலட்சம் பேரிடையே தேடினார்கள் என்று கேட்க எவருக்கும் தோன்றாது.

இது கற்பனை அன்று. பிரிட்டனில் தேசிய மரபணுப் பதிவேடு 1995இல் தொடங்கப்பட்டது. 1999இல் ஸ்விண்டன் நகரில் பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்த ஒருவர், பல மணிநேரப் பயணத் தொலைவிலுள்ள போல்டனில் நடந்த வீட்டுத் திருட்டுக்காகக் கைதானார். ஆறு இடங்கள் ஒத்திருந்தன. தற்செயலுக்கான வாய்ப்பு 3 கோடியே 70 இலட்சத்தில் ஒன்று என்றார்கள். அவருடைய வழக்கறிஞர் விடாமல் வற்புறுத்தியதால் மேலும் சில இடங்களைச் சோதித்தனர், ஒத்துவரவில்லை. அவர் மடியில் என்ன கனம் இருந்தது?

எண்கள் முழுமையாக ஒத்திருந்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. கலிஃபோர்னியாவில் 2012இல் ஒரு செல்வந்தர் தம் வீட்டில் கொல்லப்பட்டார். அவருடைய நகங்களில் இருந்த மரபணு, பதிவேட்டில் இருந்த வீடற்ற ஏழை ஒருவருடையதோடு ஒத்தது. அவர் மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டுடன் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் சிறையில் கிடந்தார். ஆனால் கொலை நடந்த இரவில் அவர் மயங்கிய நிலையில் மருத்துவமனையில் இருந்தார். அவரைத் தூக்கிச் சென்ற அதே ஆம்புலன்ஸ் ஊழியர்கள்தாம் சில மணி நேரத்துக்குப் பின் கொலை நடந்த வீட்டுக்கும் சென்றிருந்தனர். அவர்கள் வழியாக அவருடைய மரபணு அங்குப் போய்ச் சேர்ந்தது. மருத்துவமனைக் குறிப்பேடு மட்டும் இல்லாதிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்? ஜெர்மனியிலோ, நாற்பது குற்றங்களைச் செய்த ஒரு மாயப் பெண்ணைக் காவல்துறை பல ஆண்டுகள் தேடியது. 2009இல் தெரியவந்தது: மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளில் தொழிற்சாலைப் பெண் ஊழியர் ஒருவரின் மரபணு படிந்திருந்தது. எந்தக் குற்றத்துக்கும் தொடர்பில்லாத அந்தப் பெண்ணைத்தான் இவ்வளவு காலம் துரத்தியிருக்கிறார்கள்.

இனி, நம்மை மிகவும் உறுத்தும் பகுதிக்கு வருகிறோம். பதிவேட்டில் குற்றவாளியே இல்லாவிட்டாலும், அவனுடைய சகோதரனோ தந்தையோ மகனோ இருந்தால் போதும் என்று இப்போது தேடுகிறார்கள். முழுமையாக ஒத்துவராமல் பாதியளவு ஒத்துவரும் வரைவுகளைப் பொறுக்கியெடுத்து, அக்குடும்பங்களைப் பின்தொடர்வது இதன் முறை. 2010இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பல பெண்களைக் கொன்ற ஒருவன் இவ்வாறே அகப்பட்டான்; ஆயுத வழக்கில் சிக்கிய அவனுடைய மகனின் வரைவு வழிகாட்டியது, அவன் தின்று எறிந்த பீட்ஸா துண்டு உறுதிசெய்தது. கொலைகாரன் பிடிபட்டதில் நமக்கு வருத்தம் இல்லை; அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் இதே முறை மற்றொரு வழக்கில் என்ன செய்தது என்பதையும் கேளுங்கள்.

ஐடஹோ மாநிலத்தில் 1996இல் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டாள். அவ்விடத்தில் கிடைத்த மரபணு யாருடையது என்று தெரியவில்லை. பின்னாளில் காவல்துறை ஒரு வம்சாவளிப் பதிவேட்டில் தேடியபோது, தந்தை வழி வரைவில் 35 எண்களில் 34 ஒத்த ஒரு மாதிரி கிடைத்தது. அது ஒரு முதியவருடையது. தம் கிறித்தவ சபையினர் ஊக்குவித்த வம்சாவளி ஆய்வுக்காக, பல ஆண்டுகளுக்கு முன்னர் நல்லெண்ணத்தோடு அவர் கொடுத்தது. நூல் பிடித்துச் சென்று, நியூ ஆர்லியன்ஸில் வசித்த அவருடைய மகனை 2014 இறுதியில் விசாரணைக்கு அழைத்து மாதிரி எடுத்தனர். மகனின் மரபணு ஒத்துவரவில்லை என்ற செய்தி வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதம் அவர் தம் நாட்டுச் சட்டத்தின் பார்வையில் கொலைச் சந்தேகத்துக்கு உரியவர். தந்தை செய்த 'குற்றம்' சபையினரின் சொல் கேட்டது. மகன் செய்த குற்றம் அத்தந்தைக்குப் பிறந்தது.

இவ்வழக்கின் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டோம். இதே கொலைக்காக வேறோர் இளைஞர் 1998இல் தண்டிக்கப்பட்டு இருபதாண்டுகள் சிறையில் கழித்தார். 2019இல் மரபணு வம்சாவளித் தேடலின் மூலம் உண்மைக் குற்றவாளி கண்டறியப்பட்ட பிறகே அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டார். ஆகவே அத்தேடலால் நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவர் தண்டிக்கப்பட்ட அன்றே, கொலை நடந்த இடத்தில் கிடைத்த மரபணு அவருடையது அன்று என்பது தெரிந்திருந்தது! காவலர்கள் கறந்த வாக்குமூலம் போதுமென்று கருதினார்கள். குற்றமற்றவன் என்று மரபணு சொன்னால் கேட்காத காதுகள், குற்றவாளி என்று சொன்னால் மட்டும் உடனே திறந்துகொள்கின்றன. கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

ஒருவன் செய்த பாவத்தின் பாரம் இன்னொருவன் தோளில் ஏற்றப்படாது என்னும் நெறியைக் குர்ஆன் ஐந்து இடங்களில் (6:164, 17:15, 35:18, 39:7, 53:38) அழுத்திக் கூறுகிறது. விசாரணை தண்டனை ஆகாது என்று சிலர் வாதிடுவர். நம் தெருக்களில் வாழ்ந்தவர்கள் அப்படி வாதிட மாட்டார்கள். நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் காவல் வாகனம் நின்றுவிட்டால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வந்த சம்பந்தம் விடியுமுன் நின்றுபோகும் என்பதை நாம் அறிவோம்.

மேலும், உறவைத் தேடும் கணினி உறவின்மையையும் கண்டுவிடும். அண்ணன் தம்பி என்று வளர்ந்த இருவர் ஒரு தந்தைக்குப் பிறந்தவர்கள் அல்லர் என்பது, யாரும் கேட்காமலே காவல் நிலையக் கோப்பில் ஏறிவிடும். ஸம்ஆவின் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை விஷயத்தில் வழக்கு எழுந்தபோது, அப்பிள்ளையிடம் வேறொருவரின் சாயல் தெளிவாகத் தெரிந்தும், நபி (ஸல்) அவர்கள் பிள்ளையை அவ்வீட்டுக்கே உரியதாகத் தீர்ப்பளித்தார்கள். ஸவ்தா (ரலி) அவர்களை மட்டும் அவரிடமிருந்து ஹிஜாபைப் பேணச் சொன்னார்கள். சாயல் அறியப்பட்டது, பேணுதல் கடைப்பிடிக்கப்பட்டது, எனினும் குடும்பம் உடைக்கப்படவில்லை. அல்லாஹ் போட்ட திரையை விலக்க ஒரு கணினிக்கு என்ன உரிமை?

இடையில் ஒன்று சொல்லிக்கொள்கிறோம். தம் மூதாதையர் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள்தாம் என்று நிறுவும் ஆசையில், வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உமிழ்நீரைப் பணம் கட்டி அனுப்பும் செல்வந்தர்கள் நம்மிடையேயும் பெருகிவருகிறார்கள். அவ்வகை நிறுவனங்களில் புகழ்பெற்ற 23அண்ட்மீ, கோடிக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களைக் கையில் வைத்துக்கொண்டு 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. ஒருவர் அனுப்பும் உமிழ்நீரில் அவருடைய பேரன்களும் சித்தப்பா பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் இவர் சம்மதம் கேட்டாரா?

'முஸ்லிம்கள் முதலாவதாக வரவேற்க வேண்டும்' என்று அந்தச் சகோதரர் சொன்னாரல்லவா? ஒரு முஸ்லிம் நாடு முதலாவதாகவே செய்து பார்த்தது. 2015 ஜூன் 26 அன்று, ரமளானில், குவைத்தின் இமாம் ஸாதிக் பள்ளிவாசலில் ஜும்ஆ வேளையில் குண்டு வெடித்து 27 பேர் இறந்தனர். அந்த வேதனையின் சூட்டில், குடிமக்கள், அங்கு வேலை பார்ப்போர், வந்துபோவோர் என அனைவரும் மரபணு கொடுக்கவேண்டும் என்று சில நாள்களிலேயே சட்டம் இயற்றினார்கள். மறுத்தால் ஓராண்டு வரை சிறை, 10,000 தினார் வரை அபராதம். அங்கு உழைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். குவைத் வழக்கறிஞர்களே அதை எதிர்த்து வழக்காடினர். 2017 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், தனிமனித உரிமைக்கு முரணானது என்று சட்டத்தையே நீக்கியது. பள்ளிவாசலில் இரத்தம் சிந்தப்பட்ட நாடு நிதானத்துக்குத் திரும்பிவிட்டது. இங்கே நாம் புதிதாகப் புறப்படுகிறோம். சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் 12 முதல் 65 வயது வரையுள்ள மக்களின் மரபணுவை, இலவச மருத்துவப் பரிசோதனையோடு சேர்த்து அதிகாரிகள் திரட்டியதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2017இல் வெளிப்படுத்தியது. உய்குர் முஸ்லிம்களின் நிலையை அறிந்த எவரும், பதிவேடு தீங்கற்றது என்று சொல்லத் துணியமாட்டார்.

நம் நாட்டில் டி.என்.ஏ. வங்கிகளுக்கென்று 2019இல் மக்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா 2023இல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் அபாயம் நீங்கிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் இயற்றப்பட்ட குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், உயிரியல் மாதிரிகளையும் அவற்றின் பகுப்பாய்வையும் 'அளவீடுகள்' என்ற சொல்லுக்குள் அடக்கிவிட்டது. தண்டனை பெற்றவர்கள் மட்டுமல்லர், கைதானவர்களும் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களும் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். பதிவுகளைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். நம் சிறைகளில் நால்வரில் ஏறத்தாழ மூவர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். மக்கள்தொகையில் நம் பங்கைவிடச் சிறைகளில் நம் பங்கு அதிகம். பதிவேட்டில் யாருடைய உமிழ்நீர் மிகுதியாகச் சேரும், உறவுத் தேடல் வந்தால் யாருடைய வீட்டுக் கதவு மிகுதியாகத் தட்டப்படும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. நம்மைப் போன்றே தலித் மக்களும் பழங்குடியினரும் அவ்வரிசையில் நிற்கிறார்கள்.

குஜராத்தின் பெண்ணும் கோவையின் பெண்ணும் சீரழிக்கப்படும்போது குற்றவாளியைக் கண்டுபிடிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெண்மக்களைப் பெற்ற நாமும் கேட்கிறோம். இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே இரு சிறுமியர் கொல்லப்பட்ட வழக்கில்தான் 1986இல் மரபணு முதன்முதலாகப் புலனாய்வுக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஒரு பதினேழு வயதுப் பையன் நிரபராதி என்று அது முதலில் காட்டியது. பின்னர்ச் சுற்றுவட்டார ஆண்கள் பல்லாயிரவரிடம் இரத்தம் எடுத்தார்கள். உண்மைக் கொலைகாரன் தன்னோடு வேலை செய்தவனைத் தன் பெயரில் இரத்தம் கொடுக்க அனுப்பித் தப்பிவிட்டான்! அந்த ஆள் மதுக்கடையில் உளறியதை ஒரு பெண் கேட்டுக் காவல்துறைக்குச் சொன்னதால் அவன் அகப்பட்டான். ஊர் முழுவதன் இரத்தத்தால் ஆகாதது ஒரு மனிதச் சாட்சியத்தால் ஆயிற்று. அதன்பின் அவனுடைய மரபணுவை ஒப்பிட்டு உறுதிசெய்தார்கள். நாம் வேண்டுவதும் இதுவே: முதலில் சான்று, பின்னர் ஒப்பீடு.

49ஆவது அத்தியாயத்தின் 12ஆவது வசனம், மிகுதியான சந்தேகத்தை முதலில் விலக்கி, அதை அடுத்துத் துருவித் துருவி ஆராய்வதை விலக்குகிறது. அந்த வரிசையைக் கவனியுங்கள். சந்தேகப் புத்தியே உளவுக்குத் தாய். உமர் (ரலி) அவர்கள் சுவரேறி ஒரு வீட்டுக்குள் குற்றத்தைக் கண்டபோது, நான் செய்தது ஒரு தவறு, தாங்கள் செய்தவை மூன்று என்று அவ்வீட்டுக்காரர் கூற, கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பியதாக நூல்களில் கூறப்படும் நிகழ்ச்சியை நம் மாணவர்கள் அறிவர். அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு; அதன் கருத்தோ வசனத்தின் கருத்தேயாகும்.

எடுத்த மாதிரியையாவது ஒழுங்காகப் பேணுகிறார்களா? தேனி மாவட்டத்துச் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மரபணு மாதிரிகள் கையாளப்பட்ட விதத்தில் இருந்த குறைகளைச் சுட்டி, மாதிரியை எடுப்பது முதல் ஆய்வகத்தில் சேர்ப்பது வரை நாடு முழுமைக்கும் விதிமுறைகளை வகுத்தது. கயிறு கழுத்துவரை வந்தபின் வகுக்கப்பட்ட விதிமுறைகள்!

ஆகவே நம் ஜமாஅத்துகளிடம் நாம் வேண்டுவது, பயான் துண்டுகளைப் பரப்புவதை நிறுத்திவிட்டு அந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றை அலுவலகத்தில் வாங்கி வைப்பதே. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றத்துக்கும், ஏழாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனைக்குரிய குற்றத்துக்கும் அல்லாமல் கைதானவர், உயிரியல் மாதிரி தர மறுக்கலாம் என்று அதில் உள்ளது. நீதித்துறை நடுவர் தனியாக ஆணையிட்டால் நிலைமை வேறு. ஆகவே வழக்கறிஞரைக் கேளாமல் மறுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விசாரணையின்றி விடப்பட்டாலோ, முழுமையாக விடுதலையானாலோ, நீதிமன்றம் வேறுவிதமாக எழுத்தில் ஆணையிட்டிருந்தாலன்றி அவருடைய பதிவுகள் அழிக்கப்பட வேண்டும் என்றும் உள்ளது. ஆனால் அவை தாமாக அழிவதில்லை; மாநில அரசு நியமித்துள்ள தொடர்பு அலுவலரிடம் விண்ணப்பிக்கும் பொறுப்பு விடுதலையானவர் தலையிலேயே விழுகிறது. பல ஆண்டு வழக்குக்குப் பின் வீடு திரும்பும் பிள்ளைக்கு மாலை போட்டு வரவேற்கும் நாம், மறுநாள் அவனை அமரவைத்து அந்த விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்திருக்கிறோமா? வருகிற ஷூரா கூட்டத்தில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு நம் ஊர் நிர்வாகிகளுக்குக் கடிதம் கொடுத்துள்ளோம். பிற ஊர்ச் சகோதரர்களும் கொடுக்கலாம்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.